'வழுக்கி விழுந்துட்டாங்க': வயதான அம்மா, அப்பா வீட்டுக்குள் விழுவது உண்மையில் ஏன்?

"அப்பா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாராம். இடுப்புல அடியாம்." வெளியூரில் வேலை பார்க்கும் நம்மில் பலருக்கு இந்த போன் கால் புதிதல்ல. நமக்கு வந்திருக்காவிட்டாலும் ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கு வந்திருக்கும். அதற்குப் பிறகு ஸ்கேன், ஆபரேஷன், அவசர லீவு, "இனிமே யார் பார்த்துக்கிறது?" என்ற பேச்சுவார்த்தை. கடைசியில் ஊருக்குக் கிளம்பும் முன் பாத்ரூமுக்கு ஒரு ரப்பர் மேட் வாங்கிப் போட்டுவிட்டு பஸ் ஏறுவோம்.

அந்த மேட் நல்லதுதான். ஆனால் 'வழுக்கி விழுந்தார்' என்று சொன்னதும் நாம் விசாரணையை முடித்துவிடுகிறோம். ஈரத் தரை குற்றவாளி, கேஸ் குளோஸ். அவர் ஏன் விழுந்தார் என்று யாரும் அதற்கு மேல் கேட்பதில்லை. அதனால்தான் ஆறு மாதத்தில் அதே மனிதர் ஹாலில், காய்ந்த தரையில், மறுபடி விழுகிறார்.

முதலில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்த்துவிடலாம். உலகில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விபத்து மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறப்பவர்களில் அதிகம் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது விழுகிறார். மத்தியப் புள்ளியியல் துறையின் அறிக்கைப்படி, தமிழக மக்கள்தொகையில் 2021-ல் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். கேரளத்துக்கு அடுத்து நாம்தான். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும், பெற்றோர் தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் என்று இருக்கும் மாநிலத்தில் இது வெறும் மருத்துவச் செய்தி இல்லை.

கேமரா சொன்ன கதை

விழுந்தவரிடம் "எப்படி விழுந்தீங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் சரியான பதில் வராது. எல்லாம் இரண்டு நொடியில் முடிந்துவிடுகிறது. அவருக்கே தெரியாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இரண்டு முதியோர் பராமரிப்பு இல்லங்களின் பொது இடங்களில் கேமரா வைத்து, சுமார் மூன்று ஆண்டுகளில் 130 பேர் விழுந்த 227 நிகழ்வுகளை வீடியோவில் ஆராய்ந்தார்கள். 2013-ல் 'தி லான்செட்' இதழில் வந்த அந்த ஆய்வின் முடிவு எதிர்பாராதது. வழுக்கி விழுந்தவை 3 சதவீதம் மட்டுமே. தடுக்கி விழுந்தவை 21 சதவீதம். முதலிடம் பிடித்தது, உடல் எடையைத் தவறாக மாற்றியதால் விழுந்தவை: 41 சதவீதம்.

எடையைத் தவறாக மாற்றுவது என்றால்? நாற்காலியிலிருந்து எழுந்து திரும்புகிறோம். அந்த நேரத்தில் உடல் எடை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் போகிறது. நமக்கு இது யோசிக்காமலே நடக்கும். தொடைத் தசை இளைத்து, பாதத்தின் உணர்வு குறைந்த ஒருவருக்கு அந்த எடை கொஞ்சம் கூடுதலாக ஒரு பக்கம் போய்விட்டால், சமாளிக்க அடுத்த காலை எடுத்து வைக்க நேரம் போதாது. தரையில் தண்ணீரும் இல்லை, எண்ணெயும் இல்லை. ஆனாலும் விழுகிறார். அந்த வீடியோக்களில் நடந்துகொண்டிருக்கும்போது விழுந்தவர்கள் மட்டுமல்ல, சும்மா நின்றுகொண்டிருந்தவர்களும் நாற்காலியில் உட்காரப் போனவர்களும் கணிசம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது கனடா. கேமரா பாத்ரூமுக்குள் இல்லை. நம் ஊர் குளியலறையில் பக்கெட், மக், சோப்புத் தண்ணீர், மூலையில் பாசி எல்லாம் உண்டு. அதனால் நம் வீட்டில் வழுக்கி விழுவது 3 சதவீதம்தான் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தரையை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

'வயசானா அப்படித்தான்' என்பது பதில் அல்ல

எண்பது வயதில் வயலுக்குப் போய் வருபவரும் இருக்கிறார், அறுபத்தெட்டில் கட்டிலிலிருந்து எழ இரண்டு முறை முயல்பவரும் இருக்கிறார். இருவரையும் பிரிப்பது வயது அல்ல, தளர்ச்சி. 2001-ல் அமெரிக்க ஆய்வாளர் லிண்டா ஃபிரைடும் குழுவினரும் இதற்கு ஐந்து அடையாளங்களைச் சொன்னார்கள். முயற்சி செய்யாமலே எடை குறைவது, எதைச் செய்தாலும் அசந்து போவது, கைப்பிடி பலம் குறைவது, நடை மெதுவாவது, நடமாட்டம் சுருங்குவது. மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் தளர்ச்சி. ஒன்றிரண்டு இருந்தால் அதன் வாசலில் நிற்கிறார் என்று பொருள்.

வீடியோ காலில் இதெல்லாம் தெரியாது. முகம் மட்டும்தான் தெரியும். பொங்கலுக்குப் போகும்போது சட்டை தொளதொள என்று இருக்கிறதா, ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க அம்மா பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுகிறாரா, கோயிலுக்குப் போவதை எப்போது நிறுத்தினார் என்று கவனியுங்கள்.

இனி சுவாரசியமான ஒரு முரண்பாடு. 1995-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று முதியவர்களைத் திடமானவர்கள், தளர்ந்தவர்கள் என்று பிரித்து, அவர்கள் வீடுகளில் எத்தனை ஆபத்துகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தது. தளர்ந்தவர்கள்தான் அதிகம் விழுந்தார்கள். அதில் ஆச்சரியமில்லை. ஆனால் வீட்டில் ஆபத்துகள் கூடக் கூட, அதிகமாக விழுந்தவர்கள் திடமானவர்கள்! தளர்ந்தவர்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை.

ஏன் அப்படி? என் ஊகம் இது. திடமானவர் ஸ்டூல் மேல் ஏறி ஃபேன் துடைப்பார், வேகமாகப் படி இறங்குவார், வயரைத் தாண்டிக் குதிப்பார். ஆபத்தைத் தேடிப் போவது அவர்தான். தளர்ந்தவர் ஏற்கெனவே பயந்து பயந்து நடக்கிறார். அவருக்குச் சமமான தரையில் எழுந்து திரும்புவதே ஆபத்து.

அப்படியானால் தளர்ந்தவர்களின் வீட்டைச் சரி செய்து பயனில்லையா? இருக்கிறது, அதுவும் நிறைய. 2023-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 22 சோதனைகளை, 8,463 பேரை வைத்து இதைப் பார்த்தது. வீட்டில் உள்ள ஆபத்துகளைக் கண்டறிந்து சரிசெய்தபோது விழும் எண்ணிக்கை மொத்தத்தில் 26 சதவீதம் குறைந்தது. கடந்த ஓராண்டில் விழுந்தவர்கள், சமீபத்தில் ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவர்கள், அன்றாட வேலைகளுக்கு உதவி தேவைப்படுபவர்கள் ஆகியோரிடம் மட்டும் பார்த்தால் 38 சதவீதம். ஆபத்து அதிகம் உள்ளவர் என்று தேர்ந்தெடுக்கப்படாத சாதாரண முதியவர்களிடம் பெரிய பலன் இல்லை.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று புரிகிறது. வீட்டில் எத்தனை ஆபத்து என்று எண்ணி லிஸ்ட் போடுவதில் விஷயம் இல்லை. இந்த மனிதர், இந்த வீட்டில், எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்று அவர் கூடவே நடந்து பார்ப்பதில்தான் பலன். வெளிநாடுகளில் இதை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து செய்வார். இங்கே பெரும்பாலும் நாம்தான் செய்ய வேண்டும்.

ஒரு நாள் கூடவே நடந்து பாருங்கள்

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு முழு நாள், முக்கியமாக ஓர் இரவு, சும்மா கவனியுங்கள். அவர் எதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்? கட்டில் கால், பீரோ மூலை, டிவி ஸ்டாண்ட், கதவு என்று ஒவ்வொன்றாகக் கை போகும். அதுதான் அவருடைய பாதை. "ஒரே அடைசலா இருக்கும்மா" என்று நீங்கள் பழைய மர நாற்காலியைத் தூக்கி மாடியில் போட்டால், அம்மாவின் கைப்பிடியைப் பிடுங்கியதாக ஆகலாம். எதை நகர்த்துவதானாலும் அவரைக் கேட்டு நகர்த்துங்கள்.

இதே காரணத்தால்தான் அப்பாவைத் திடீரென்று சென்னை ஃபிளாட்டுக்குக் கூட்டி வந்த முதல் சில வாரங்களில் கூடுதல் கவனம் வேண்டும். ஊர் வீட்டில் கட்டிலை விட்டு இறங்கினால் பாத்ரூம் இடது பக்கம். நாற்பது வருடப் பழக்கம். இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் கால் இடது பக்கம்தான் போகும். இங்கே அங்கு சுவர்.

பாத்ரூமுக்கு வருவோம். டவல் மாட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுகிறார் என்றால் அது இன்றோ நாளையோ சுவரை விட்டுக் கையோடு வரும். டவலின் எடையைத் தாங்கத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். ஆளின் எடையைத் தாங்கும் கைப்பிடிக் கம்பி தனியாகக் கிடைக்கிறது. விலை சில நூறு ரூபாயில் தொடங்கும். டைல்ஸுக்குப் பின்னால் செங்கல் வரை ஆழமாகத் துளையிட்டு ஆங்கர் போல்ட் போட்டு மாட்டச் சொல்லுங்கள். ரப்பர் கப்பால் ஒட்டிக்கொள்ளும் ரகத்தை நம்ப வேண்டாம். எங்கே மாட்டுவது? நீங்கள் முடிவு செய்யாதீர்கள். அவரை டாய்லெட்டில் உட்கார்ந்து எழச் சொல்லுங்கள், கை இயல்பாக எங்கே தேடுகிறதோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள்.

குளிக்கும் நேரத்தில் மிகவும் கஷ்டமானது கீழே குனிந்து மக்கில் தண்ணீர் மொள்வது. தலை கீழே போய் மேலே வரும் ஒவ்வொரு முறையும் தடுமாற்றம். பக்கெட்டை ஒரு திடமான ஸ்டூல் மேல் வைத்து, அவரை நாற்காலியில் உட்கார்ந்து குளிக்கச் செய்தால் குனிய வேண்டியதே இல்லை. ஆனால் அந்த நாற்காலி வீட்டில் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் நாற்காலியாக இருக்கக் கூடாது. ஈர டைல்ஸில் அதன் கால்கள் விரிந்துகொண்டே போகும். ரப்பர் புஷ் போட்ட குளியல் நாற்காலி மருத்துவ உபகரணக் கடைகளில் கிடைக்கும். கதவை உள்ளே தாழ் போட வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள், கூச்சப்பட்டால் வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாளாக மாற்றுங்கள்.

எண்ணெய்க் குளியல் நாளைத் தனியாகச் சொல்ல வேண்டும். உள்ளங்காலில் எண்ணெய், தரையில் சீயக்காய், தலைக்கு வெந்நீர் ஊற்றியதில் இறங்கும் பிரஷர், எல்லாம் ஒரே அறையில். நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. உள்ளங்காலுக்கு மட்டும் எண்ணெய் வேண்டாம், உட்கார்ந்தே குளிக்கட்டும், யாராவது ஒருவர் வீட்டில் இருக்கட்டும்.

மற்ற இடங்கள் சட்டென்று சொல்லிவிடலாம். பழைய சேலையில் தைத்த மிதியடிகள் பளபளக்கும் டைல்ஸில் சறுக்கு வண்டி மாதிரி, எடுத்துவிடுங்கள். நிலைப்படி தெரியும்படி ஓரத்தில் வேறு நிறப் பட்டை ஒட்டலாம். வாசலில் மூன்று படிதானே என்று கைப்பிடி வைக்காத வீடுகள் நம் ஊரில் ஏராளம், அந்த மூன்று படிகளுக்குத்தான் கைப்பிடி வேண்டும். கட்டிலில் உட்கார்ந்தால் பாதம் முழுதாகத் தரையில் பட வேண்டும், முழங்கால் இடுப்பை விட உயரக் கூடாது. தேய்ந்த ஹவாய் செருப்பைவிட, பின்பக்கம் பட்டை உள்ள செருப்பு எவ்வளவோ மேல். தரையில் புரளும் வேட்டி நுனியையும் நைட்டி விளிம்பையும் இரண்டு அங்குலம் மேலே ஏற்றித் தைக்கலாம். இரவில் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ஆள் வந்தால் தானாக எரியும் சென்சார் லைட் வைக்கலாம். கரண்ட் போனால் என்ன என்பதையும் யோசியுங்கள்.

இன்னொரு ஆபத்து உங்கள் கையிலேயே இருக்கிறது. போன். மகன் கூப்பிடுகிறான், கட் ஆகிவிடுமே என்று அடுப்படியிலிருந்து ஹாலுக்கு அம்மா விரைகிறார். "அடிச்சுக்கிட்டே இருக்கட்டும், மெதுவா வாங்க, எடுக்கலன்னா நானே திரும்பக் கூப்பிடுறேன்" என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள். போனைக் கழுத்தில் மாட்டும் சின்னப் பை ஒன்று வாங்கிக் கொடுத்தால் இன்னும் நல்லது. விழுந்தால் கூப்பிடவும் அதுதான் உதவும்.

மாத்திரை டப்பாவையும் திறந்து பாருங்கள்

வீட்டைச் சுற்றிப் பார்க்கும் பலரும் விட்டுவிடும் இடம் இது. தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான அல்பிரசோலம் போன்றவை, சளிக்காகக் கடையில் வாங்கும் தூக்கம் வரவழைக்கும் மாத்திரை, புரோஸ்டேட் மாத்திரைகளில் சில, பிரஷர் மாத்திரை, சர்க்கரை அளவை மிகவும் இறக்கிவிடும் மருந்து... ஒவ்வொன்றும் தள்ளாட்டத்தைக் கூட்டலாம். நாலு டாக்டர் நாலு சீட்டில் எழுதியதை ஒருவரும் ஒன்றாக வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு ஒரு டாக்டரிடம் கொண்டுபோய், "அப்பா விழுந்தார், இதில் எதைக் குறைக்கலாம்?" என்று கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

படுத்திருந்து எழுந்ததும் கண் இருட்டுகிறது என்கிறாரா? வீட்டில் பிரஷர் கருவி இருந்தால் படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதுவரை, எழுந்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கணுக்காலை இருபது முறை ஆட்டிவிட்டு நிற்கட்டும். கண்புரை, கண்ணாடி பவர், கால் மரத்துப்போவது ஆகியவையும் இதே லிஸ்ட்டில் சேரும்.

ஒரு எளிய சோதனை. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். செல்போன் ஸ்டாப்வாட்சில் பாருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருப்பதாக அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் எடுத்துக்கொள்கிறது. பக்கத்திலேயே நின்றுகொண்டு செய்யுங்கள். நேரத்தைவிட, திரும்பும்போது எத்தனை சிற்றடி வைக்கிறார், எழ எத்தனை முறை முயல்கிறார் என்பது அதிகம் சொல்லும்.

"எனக்கு எதுக்குடா கம்பு?"

பெரும்பாலான வீடுகளில் சிக்கல் இங்கேதான். கம்பு பிடித்தால் ஊர் என்ன சொல்லும் என்று அப்பாவுக்கு. இரண்டு முறை விழுந்ததைச் சொன்னால் பிள்ளை தன்னோடு வந்துவிடச் சொல்வானே என்று அம்மாவுக்கு. அதனால் மறைக்கிறார்கள். அதுதான் ஆபத்து, ஏனென்றால் ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழும் வாய்ப்பு இரட்டிப்பு. "ஏன் சொல்லல?" என்று கத்தினால் அடுத்த முறையும் சொல்ல மாட்டார். "தடுமாறுச்சா சமீபத்துல? எங்க?" என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு பக்கம், விழுந்தபின் நாம் செய்யும் பெரிய தவறு, "நீங்க எழுந்திரிக்காதீங்க, எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்" என்பது. அன்புதான். ஆனால் உட்கார வைத்த ஒவ்வொரு வாரமும் தொடைத் தசை கரைகிறது. முதியவர்களுக்கான உடற்பயிற்சி விழும் எண்ணிக்கையை 23 சதவீதம் குறைக்கிறது என்று 2019-ல் வந்த இன்னொரு காக்ரேன் தொகுப்பு சொல்கிறது. வாக்கிங் மட்டும் போதாது. சமநிலைப் பயிற்சியும் எழுந்து உட்காரும் பயிற்சியும் வேண்டும். சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்துவது, நாற்காலியில் கையூன்றாமல் எழப் பழகுவது என்று தொடங்கலாம். ஏற்கெனவே விழுந்தவருக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்லட்டும். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் வசதி உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். சென்னை கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மையம் 2024 முதல் இயங்குகிறது. முதியோர் உதவி எண் 14567.

கம்பு வாங்கினால் ஒரு குறிப்பு. எந்தக் கால் பலவீனமோ அதற்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். நின்றபடி கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எந்த உயரமோ, கைப்பிடி அந்த உயரம்.

விழுந்துவிட்டால்

கையைப் பிடித்துச் சட்டென்று தூக்காதீர்கள். முதலில் பேசுங்கள், எங்கே வலி என்று கேளுங்கள். இடுப்பிலோ தொடை இடுக்கிலோ கடும் வலி, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது என்றால் அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். இடுப்பு எலும்பு முறிவுக்கு ஆபரேஷன் ஓரிரு நாளில் நடப்பதே நல்லது, "எண்ணெய்க் கட்டு போட்டுப் பார்ப்போம்" என்று நாள் கடத்த வேண்டாம்.

அடிபடவில்லை என்றால், அவரை ஒருக்களித்துப் புரளச் சொல்லி, முட்டி போட வைத்து, எதிரில் ஒரு கனமான நாற்காலியை வைத்து அதைப் பிடித்து அவராகவே எழ விடுங்கள். தனியாக இருப்பவருக்கு இதை முன்பே ஒருமுறை மெத்தை மேல் பழக்கிவிடலாம். அடிபடாவிட்டாலும் எழ முடியாமல் மணிக்கணக்கில் தரையில் கிடப்பதே உடலைக் கெடுக்கும். நீர் வற்றும், தோல் புண்ணாகும், தசை சிதைந்து சிறுநீரகம் பாதிக்கும். காலையும் மாலையும் எட்டிப் பார்க்கும் ஒரு பக்கத்து வீட்டுக்காரரும், அவரிடம் ஒரு சாவியும் இருப்பது இதற்குத்தான்.

தலையில் அடிபட்டிருந்து, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரை சாப்பிடுபவர் என்றால், நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மூளைக்கு மேல் ரத்தம் மெதுவாகக் கசிந்து, இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூட வெளிப்படலாம். புதிதாகத் தலைவலி, அதிகத் தூக்கம், பேச்சில் குழப்பம், ஒரு பக்கம் பலவீனம் தெரிந்தால் பழைய அடியை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

எலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்தவர் என்றால், டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: "எலும்பு வலுவிழந்ததுக்கு என்ன மருந்து?" சும்மா நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு உடைந்தால் அது ஆஸ்டியோபோரோசிஸாக இருக்கலாம். உடைந்த இடத்தில் பிளேட் வைப்பதோடு பலருடைய சிகிச்சை நின்றுவிடுகிறது. அதற்கான மருந்து தனியாகத் தொடங்க வேண்டும், கேட்டால்தான் பெரும்பாலும் எழுதுவார்கள்.